கரம் அடைத்த ரசீது

அன்பு மகள் டின்சிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் ஜோபியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். சுகம் விசாரித்தாயிற்று. இதற்குக் கீழே இருப்பதெல்லாம் கோபத்தில் எழுதியது, ஆகவே டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காதே, லீவு நாளில் உட்கார்ந்து படி. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் நீ சரிப்பா, சரிப்பா என்று என் வாயை அடைத்துவிடுகிறாய், இல்லையென்றால் சின்னவளைத் தூக்கிவந்து காட்டி, தாத்தாவுக்கு முத்தம் கொடு என்கிறாய், அதோடு என் கோபம் கரைந்துவிடுகிறது. இந்தக் கோபம் கரையக் கூடாது. அதனால்தான் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் கார்தான். போன பங்குனியில் நீ பணம் அனுப்பி வாங்கச் சொன்ன கரண்ட் கார். அம்மா இந்த வயதிலும் கொழுந்து கிள்ளப் போகிறாள், மழைக் காலத்தில் டவுனுக்குப் போக ஜீப்பில் பத்துப் பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு குலுங்க வேண்டாம், பெட்ரோல் செலவு இல்லாத வண்டியாக வாங்குங்கள் என்று நீ சொன்னது நல்ல மனதோடுதான், அதை நான் மறுக்கவில்லை. வண்டி அப்பா பெயரில் இருக்கட்டும் என்று சொன்னதும் நல்ல மனதுதான். முழு விலை கொடுத்தால் கைக்கு எட்டாது, பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மீதி வண்டியை விலைக்கு வாங்குகிற திட்டம் ஒன்று இருக்கிறது, ஓடுகிற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மாதா மாதம் கட்டினால் போதும் என்று உன் தம்பி ஜோபி விசாரித்து வந்து சொன்னான். அவன் டிரைவராக இருக்கிற ரிசார்ட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ள முதலாளியிடம் அனுமதியும் வாங்கிவிட்டான். அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகுதான் உங்கள் இரண்டு பேர் புத்தியும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தது.

இங்கே கேரளாவில் அந்த வண்டிக்கு வரி, விலையில் பத்தில் ஒரு பங்கு. மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பதிவு செய்தால் வரியே கிடையாது. அப்பா, ஒரு லட்சம் ரூபாய்க்குக் கிட்ட மிச்சம், சும்மா ஒரு விலாசம்தானே என்று நீ போனில் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மாவின் தம்பி சந்தனம் போடியில் இருக்கிறானே, அவன் வீட்டு மாடியில் நான் பதினோரு வருஷமாகக் குடியிருப்பதாக ஒரு வாடகைப் பத்திரம், அதற்குத் துணைக்கு ஒரு சத்தியப் பத்திரம். சந்தனம் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மச்சான் எந்த ஊர்க்காரருன்னு எவன் வந்து பாக்கப் போறான், நம்ம ஆளுகள்ல பாதிப் பேருக்கு மலைக்கு மேல ஒரு கார்டு கீழ ஒரு கார்டு இருக்கத்தானே செய்யுது என்றான். அது உண்மைதான். எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளான நம் லயத்திலேயே இங்கே ஒரு ரேஷன் கார்டு, கம்பத்திலோ போடியிலோ ஒரு ரேஷன் கார்டு என்று வைத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன. எந்த நாளில் எந்தப் பக்கத்திலிருந்து விரட்டுவார்களோ என்று இரண்டு பக்கமும் ஒரு காலை ஊன்றியே பழகிவிட்டோம். நான் ஒருவன்தான் வீம்பாக அந்தப் பக்கம் ஒரு துண்டுக் காகிதம்கூட வைத்துக்கொள்ளாமல் இருந்தேன். அந்த நான்தான் தேனியில் கார் கம்பெனிக்காரன் மேஜையில் இங்கிலீஷில் டைப் அடித்த பேப்பரில் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். டீ பேக்டரியில் முப்பத்தாறு வருஷம் பிட்டராக இருந்தவன், ஒரு போல்ட்டை முறுக்குவதற்கு முன்னால் மூன்று தரம் பார்ப்பவன், அன்றைக்கு ஒரு தரம்கூடப் படித்துப் பார்க்கவில்லை. ஒரு லட்சம் மிச்சம் என்றதும் எனக்கும் வாய் ஊறியது, இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆகவே இந்தக் கோபத்தில் பாதி என் மேல். மீதி உனக்கும் ஜோபிக்கும். அவன் பங்கை நேரிலேயே கொடுத்துவிட்டேன், மூன்று நாள் வீட்டில் சாப்பிடாமல் ரிசார்ட்டிலேயே சாப்பிட்டான்.

அந்த வரி நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அப்பா கவர்மெண்டுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று நினைப்பாய். வரியே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். பெட்ரோல் போடுகிறவன் ஒவ்வொரு லிட்டரிலும் வரி கொடுக்கிறான், நம் கரண்ட் வண்டி அதைக் கொடுப்பதில்லை, ஆனால் ஓடுவது அதே ரோட்டில், மழையில் மண் சரிந்தால் ஜேசிபி வந்து அள்ளுவது நம் வண்டிக்கும் சேர்த்துத்தான். ஏதோ ஒன்று கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இவர்கள் போட்ட கணக்கைப் பார். பதினைந்து லட்சத்துக்குள் பேட்டரியோடு முழுசாக வாங்குகிறவனுக்கு நூற்றுக்கு ஐந்து. இருபது லட்சத்துக்கு மேலே வாங்குகிற பணக்காரனுக்கு நூற்றுக்குப் பத்து. பேட்டரிக்குக் காசு இல்லாமல் வாடகைக்கு எடுக்கிறவனுக்கும் நூற்றுக்குப் பத்து. எந்தப் புண்ணியவான் யோசித்தானோ தெரியவில்லை, காசில்லாதவனைக் கொண்டுபோய் ரிசார்ட் முதலாளிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டான். ஆரம்பத்தில் வாங்கு வாங்கு என்று சலுகை காட்டிக் கூப்பிட்டார்கள், நாலு பேர் வாங்க ஆரம்பித்ததும் கூட்டிவிட்டார்கள். ஜீப் ஓட்டுகிற பொன்ராஜ் என்னிடம் கேட்டான், பொகை வருதுன்னு பழைய வண்டிக்கு வரியக் கூட்டுனாங்க, சரி பொகை இல்லாத வண்டி வாங்கலாமுன்னா அதுக்கும் கூட்டுனாங்க, அப்ப நடந்து போறவனுக்கு எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே என்று. இரண்டு மாநில எல்லையான போடிமெட்டில் ஒரு செக்போஸ்ட் கம்பு நிற்கிறது. அந்தக் கம்புக்கு அந்தப் பக்கம் சைபர், இந்தப் பக்கம் ஒரு லட்சம். வண்டி ஒன்றுதான், ரோடும் ஒன்றுதான். வயிறு எரியாமல் என்ன செய்யும். ஆனால் வயிறு எரிந்தவன் சண்டை போட வேண்டும், கவுண்டரில் நின்று கத்த வேண்டும், மனு எழுத வேண்டும். மச்சினன் வீட்டு மாடியில் குடியிருப்பதாகப் பொய் எழுதிவிட்டு, செக்போஸ்ட்டில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவன் நியாயம் பேச முடியுமா. ஏப்ரலிலிருந்து நாங்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம்.

இப்போது நடந்ததைக் கேள். எஸ்டேட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்களுக்கு மூன்று சென்ட் வீட்டுமனை கொடுக்க ஒரு பட்டியல் தயாராகிறது என்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு வருகிற ஆனியில் ஐம்பத்தெட்டு முடிகிறது. அவள் பெயர் எஸ்டேட் ஆள் கணக்கான செக்ரோலில் இருக்கிறவரைதான் இந்த லயத்து வீடு நமக்கு. பெயர் வெட்டப்பட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும், எங்கே இறங்குவது என்பது அவர்கள் கவலை இல்லை. அந்தப் பட்டியல் ஒன்றுதான் நமக்கு வழி. ஓணம் முடிந்த வாரம் அதற்கு விசாரணை வைத்து தாலுகா ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு வேலை நாள், வரவில்லை. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பி.எஃப். தாள், பேக்டரி சர்வீஸ் சர்ட்டிபிகேட், உங்கள் இரண்டு பேருடைய ஞானஸ்நானச் சான்று என்று ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டேன். போனது எதில் தெரியுமா. அந்தக் காரில். மகள் வாங்கிக் கொடுத்த கார், நாலு பேர் பார்க்கட்டுமே என்று நானேதான் ஜோபியை எடுக்கச் சொன்னேன். ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே பச்சை நம்பர் பிளேட்டில் டி.என். என்று வெள்ளை எழுத்துத் தெரிய நிறுத்திவிட்டு உள்ளே போனோம். இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு எவனாவது செய்வானா.

விசாரித்தது ஒரு சின்னப் பெண், ஜோபி வயதுதான் இருக்கும். என் பேப்பரையெல்லாம் பொறுமையாகப் பார்த்தாள், எல்லாம் திருப்தி என்றுகூடச் சொன்னாள். அப்புறம் ஜன்னல் வழியாகப் பார்த்து அந்தப் பச்சை நம்பர் வண்டி யாருடையது என்று கேட்டாள். என்னுடையதுதான் மேடம், மகள் வாங்கித் தந்தது என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டாள். ஜோபிக்கு அப்போதே முகம் வெளுத்துவிட்டது, எனக்குத்தான் உறைக்கவில்லை. வாங்கிப் பார்த்துவிட்டு, அப்போ சேட்டன் போடியிலல்லே தாமசம், போடியில்தானே குடியிருப்பு என்றாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். மேடம், நான் பிறந்தது இந்த மலையில், என் அப்பாவைப் புதைத்தது இந்த மலையில், அறுபத்திரண்டு வருஷம் இங்கேதான் இருக்கிறேன் என்றேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. இதும் கவர்மெண்ட் பேப்பர், அதும் கவர்மெண்ட் பேப்பர், ரெண்டிலும் சேட்டன்தான் ஒப்பு போட்டிருக்கிறீர்கள், இதில் எது கள்ளம் என்று கேட்டாள். என் பெயருக்கு நேரே நிறுத்திவைக்கவும் என்று எழுதி, பதினைந்து நாள் தவணை கொடுத்தாள். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன், அவள் வேலையை அவள் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே நின்று, என்ன சொன்னாங்க, நம்ம பேரு வந்திருமா என்று கேட்டாள். எல்லாம் திருப்தியாப் போச்சு என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியும், அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது.

டின்சி, நீ படித்தவள், யோசித்துப் பார். இந்த நாட்டில் எந்த ஆபீஸ் படி ஏறினாலும் முதல் கேள்வி, கரம் அடச்ச ரசீது உண்டோ. நிலத்துக்கு வரி கட்டிய ரசீது. அது இருந்தால் நீ இந்த ஊர்க்காரன், இல்லையென்றால் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த பாண்டிக்காரன். நிலம் எஸ்டேட்டுக்காரனுடையது, லயம் எஸ்டேட்டுக்காரனுடையது, வாசலில் அம்மா பீன்ஸ் போடுகிற நாலு முழம்கூட எஸ்டேட்டுக்காரனுடையது, நான் எதற்குக் கரம் அடைப்பேன். நர்சிங் சேர உனக்குச் சாதிச் சர்ட்டிபிகேட் வாங்க வில்லேஜ் ஆபீஸுக்கு நான் ஏழு தடவை அலைந்தது உனக்கு மறந்திருக்காது, இரண்டு தடவை நீயும் வந்தாய், ஸ்கூல் யூனிபாரத்தோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். தாத்தா காலத்து ரசீது கொண்டுவா என்றார்கள். தாத்தா முதுகில் கூடையோடு ஏறி வந்தவர், அவர் கையில் என்ன ரசீது இருக்கும். கடைசியில் அங்கிருந்த ஒருவன், பாண்டியில போயி வாங்கிக்கோ சேட்டா என்று சிரித்தான். உனக்குக் கிடைக்க வேண்டிய சீட்டு போயிற்று. மதுரையில் லோன் எடுத்துப் படிக்கவைத்தோம், அந்த லோனை அடைக்கத்தானே நீ கடல் தாண்டினாய். தீப்பெட்டியிலிருந்து சிமெண்ட் வரைக்கும் நானும் வரி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் அதற்கெல்லாம் என் பெயரில் ரசீது கிடையாது. இந்த அறுபத்திரண்டு வருஷத்தில் இந்த கவர்மெண்ட் சிலுவைராஜ் என்று என் பெயர் சொல்லி, என் லயத்து நம்பர் போட்டு, நீ இவ்வளவு வரி கட்டு என்று கேட்கக்கூடிய ஒரே ஒரு சந்தர்ப்பம் வந்தது. அது இந்தக் காருக்கு. அதைத்தான் நீ எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தாய். ஊரெல்லாம் சேர்ந்து வாயால் பாண்டிக்காரன் என்று சொன்னபோதெல்லாம் நான் எதிர்த்துப் பேசினேன். நீ என்னை என் கையாலேயே எழுதிக் கொடுக்க வைத்துவிட்டாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது உனக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். போன மாதம் நீ அந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுவதைப் பற்றி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம் அங்கே இருந்தாய், சம்பளத்தில் எவ்வளவு வரி கட்டினாய் என்று ஒவ்வொரு தாளாக எடுத்து அடுக்கிவைத்திருக்கிறேன் என்றாய், உன் கார் கரண்ட் காராக இருந்தும் அதற்கும் வருஷா வருஷம் ஒரு சின்ன வரி கட்டுகிறேன் என்றாய், லோக்கல் தேர்தலில் ஓட்டுப் போட்டேன் என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அங்கே ஒரு தாளும் பொய்யாக இருக்கக் கூடாது என்று உனக்குத் தெரிகிறது. வாடகை வீடு மாறினால் மறுநாளே விலாசம் மாற்றுகிறாய். இங்கே அப்பாவின் விலாசம் என்றால் மட்டும் உனக்கு அது கிள்ளுக்கீரையாகிவிட்டது. அந்நிய தேசத்தில் உனக்கு வேர் பிடிக்க ஐந்து வருஷம் போதும், எனக்கு மூன்று தலைமுறை போதவில்லை என்பதை நீ எப்படி மறந்தாய்.

பதினைந்து நாள் தவணையில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஜோபி ஏதேதோ யோசனை சொன்னான், போடியில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பி வந்தோம் என்று சொல்லிவிடலாம் என்றான், வண்டியை மாமா பெயருக்கு மாற்றிவிட்டு இது நம்முடையது இல்லை என்று சொல்லிவிடலாம் என்றான். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யா, போதும்லே என்று வாயை மூடச் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த தமிழில் நானே உட்கார்ந்து எழுதினேன். நான் போடியில் ஒரு நாள்கூடக் குடியிருந்தவன் இல்லை, கார் வரியை மிச்சப்படுத்துவதற்காக அங்கே குடியிருப்பதாகச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன், அது பொய், அதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன், என் ஊர் இதுதான் என்று எழுதினேன். உன் பெயரையோ ஜோபி பெயரையோ சந்தனத்தின் பெயரையோ எழுதவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பேசினால் புரிகிறது, படிக்கத் தெரியவில்லை. ஜோபியைப் படிக்கச் சொன்னாள், மலையாளத்தில் சொல்லிச் சொல்லிப் படி என்றாள். ஆபீஸில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் நம் சபைக்காரர்கள். அவன் படித்தான். என்டெ அப்பன் கள்ளம் பறஞ்ஞு, என் அப்பா பொய் சொன்னார் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டான். படி என்றேன். முதலிலிருந்து ஆரம்பித்து மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினான். வேண்டுமென்றால் விடுங்க என்று அந்தப் பெண்கூடச் சொன்னாள். நான் அவன் தோளில் கை வைத்துப் படிக்கவைத்தேன். பெற்ற பிள்ளை வாயால் ஊருக்கு முன்னால் அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்று அவன் அழுதுவிட்டான். அதற்குப் பிறகு அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அப்புறம் தேனிக்கு நாலு தடவை அலைந்து அங்கிருந்து வண்டியை விடுவிக்கிற தடையில்லாச் சான்று வாங்கினோம், இங்கே விண்ணப்பம் போட்டோம், என் பி.எஃப். பணத்தில் மீந்திருந்ததை எடுத்து வரியை முழுசாகக் கட்டினேன். நீ அனுப்புகிறேன் என்று சொல்லாதே, வாங்க மாட்டேன், அது என் கரம், நான்தான் கட்டுவேன். கட்டுவதற்கு முன்னால் வண்டி ஆபீஸ் கவுண்டரில் நின்று அரை மணி நேரம் சண்டை போட்டேன். பேட்டரியை வாடகைக்கு எடுக்கிறவன் பணக்காரனா, அவனுக்கு ஏன் இருபது லட்சத்துக்காரன் வரி என்று கேட்டேன். நாங்களா நிர்ணயிக்கிறோம் சேட்டா, பட்ஜெட்டில் வந்தது என்று கவுண்டரில் இருந்தவர் சொன்னார். அப்படியானால் பட்ஜெட் போட்டவருக்கு எழுதுகிறேன் என்று சொல்லி மந்திரிக்கு ஒரு மனு எழுதி ரிஜிஸ்டர் தபாலில் போட்டிருக்கிறேன். எனக்குத் திருப்பித் தர வேண்டாம், இனிமேல் வாங்குகிற ஏழைக்குக் குறையுங்கள் என்று எழுதியிருக்கிறேன். கவுண்டரில் நான் கத்தியபோது பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நான் கண்டுகொள்ளவில்லை. என் ஆயுசில் ஒரு ஆபீஸில் நான் கெஞ்சாமல் சத்தமாகப் பேசினது அன்றைக்குத்தான். ரசீதில் என் பெயரும் லயத்து நம்பரும் சரியாக இருந்தன, நான் அங்கேயே நின்று மூன்று தரம் படித்தேன். ஒரு நகலைத் தாலுகா ஆபீஸில் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன், பைலில் சேர்த்துக்கொண்டாள். பெயர் வந்துவிடுமா என்று கேட்டதற்கு, பொய்ச் சத்தியம் செய்த விஷயம் இருக்கிறதே சேட்டா, மேலே என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது, பட்டியல் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் என்றாள். அவ்வளவுதான் நிலைமை.

மற்ற விஷயங்கள். கார்த்திகை பிறந்ததிலிருந்து பனி அதிகம், தாழ்வான பாத்தியில் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது, அம்மாவுக்கு அரை நாள் வேலைதான். அவள் முழங்காலுக்கு நீ அனுப்பிய பட்டையைப் போட்டுக்கொள்வதில்லை, புதுசு அழுக்காகிவிடும் என்று பெட்டியில் வைத்திருக்கிறாள், நீயே திட்டு. ஜோபிக்குச் சூரியநெல்லியில் ஒரு பெண் பார்த்திருக்கிறோம், டீச்சர் டிரெயினிங் படித்த பிள்ளை, அவர்கள் கேட்ட முதல் கேள்வி சொந்த வீடு உண்டா என்பது, பட்டியல் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சந்தனம் இரண்டு தடவை போன் செய்தான், நான் எடுக்கவில்லை, எடுக்காமல் இருப்பது தப்புதான், அவன் நல்லதென்று நினைத்துத்தான் செய்தான், அடுத்த தடவை எடுப்பேன். சபையில் கிறிஸ்துமஸ் பஜனைக்கு இந்த வருஷமும் என்னைத்தான் டிரம் அடிக்கச் சொல்கிறார்கள், தாலுகா ஆபீஸில் இருந்த அந்த இரண்டு பேரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. நீ நைட் டியூட்டி முடித்துவிட்டு வண்டி ஓட்டாதே, பஸ்ஸில் போ. சின்னவளிடம் தமிழில் பேசுங்கள், போனில் அவள் சொல்வது பாதி புரியவில்லை.

கடைசியாக ஒன்று. பட்டியலில் பெயர் வராவிட்டால், கவலைப்படாதீங்கப்பா, போடியில் மாமா வீட்டுப் பக்கத்தில் இடம் வாங்கி வீடு கட்டித் தருகிறேன் என்று நீ சொல்வாய். உன்னால் முடியும் என்றும் தெரியும். அந்த வார்த்தையை என்னிடம் சொல்லாதே. சொன்னால் நான் உன்னோடு பேசுவதையே நிறுத்திவிடுவேன், கோபத்தில் சொல்லவில்லை, நிதானமாகச் சொல்கிறேன். இந்த மலையில் எவனாவது ஒருவன் மாட்டுக் கொட்டகையை வாடகைக்குக் கொடுத்தாலும் நாங்கள் இங்கேதான் இருப்போம். உன் விண்ணப்பம் நல்லபடியாக முடியட்டும். கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளையையும் போக்கிலும் வரத்திலும் காப்பாராக. கோபம் எவ்வளவு இருந்தாலும் நீ என் மூத்த பிள்ளை, உன்னைத் தூக்கிக்கொண்டு இந்த மேட்டில் நடந்த கைதான் இதை எழுதுகிறது.

மறக்காதே, அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. பட்டியல் வருகிறவரை தெரியவும் வேண்டாம். நம்பர் பிளேட்டு மாறியதைப் பார்த்து, இப்பதான் நம்ம ஊரு வண்டி மாதிரி இருக்கு என்றாள், அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை மைதானத்தில் மூன்று சென்ட் என்றால் எவ்வளவு என்று பொன்ராஜிடம் கேட்டுக் காலால் அளந்து பார்த்தாள், நாலு மூலையிலும் கல் வைத்து நடுவில் நின்றாள். அடுப்படியை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று என்னிடம் தினமும் கேட்கிறாள், நான் ஏதாவது வேலை இருப்பதுபோல் எழுந்து வெளியே போய்விடுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் கேட்பாள். நீ ஏதாவது ஒரு பக்கம் சொல் மகளே, என்னால் முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சிலுவைராஜ்